களத்தில் நிற்கும் ஆளுக்குச் சம்பளம் கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை எழுதுகிறேன். குழந்தைகளுக்கு எதிரான கொடுமையையும் புறக்கணிப்பையும் தடுக்கும் திட்டத்துக்கு நிதி கேட்டு நீ எழுதியிருக்கும் முன்மொழிவை முழுக்கப் படித்தேன். பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களைத் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் தாய் தகப்பன், பாட்டி வீட்டில் விடப்படும் பிள்ளைகள், பதினெட்டு வயது நிறைவதற்குள் முடிந்துவிடும் கல்யாணங்கள் என்று பிரச்சினையை விளக்கிய பகுதியும் நன்றாக வந்திருக்கிறது. பட்ஜெட் பக்கத்துக்கு வந்ததும்தான் எனக்கு மனசு ஒப்பவில்லை.

விழிப்புணர்வு முகாமுக்குப் பந்தல், ஒலிபெருக்கி, ஃப்ளெக்ஸ், தேநீர், பரிசுப் பொருள். அதன்கீழ் துண்டறிக்கை அச்சுக்கூலி. அதன்கீழ் பேரணிக்குத் தொப்பி, டி-ஷர்ட். கடைசி வரியில் களப்பணியாளர் ஒருவர், அதுவும் பகுதி நேரம். "சம்பளம்னு பெரிய தொகை போட்டா ஃபண்டர் ஒத்துக்கமாட்டாங்க அத்தை" என்று குரல் செய்தியில் சொல்லியிருந்தாய். உன் அலுவலகத்தில் அப்படித்தான் பழக்கியிருப்பார்கள். இத்தனை வருடம் இந்த வேலையில் இருந்தவள் என்ற உரிமையில் நான் நேர் எதிராகச் சொல்கிறேன். இந்த மாதிரித் திட்டத்தில் பணியாளர்தான் திட்டம். முதல் வரியிலேயே அவருடைய சம்பளத்தைப் போடு. மிச்சம் இருந்தால் பந்தல் போட்டுக்கொள்ளலாம்.

ஏன் என்று சொல்கிறேன். 2007-இல் ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் குழந்தைகளுக்கு எதிரான கொடுமை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி எழுதியது. அவர்களில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பேர் அடிபட்டிருந்தார்கள். பாலியல் கொடுமை செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியிருந்தவர்கள். அந்தக் கடைசிச் செய்தியை நிதானமாக யோசித்துப் பார். ஆபத்து வீட்டுக்குள்ளும் உறவுக்குள்ளும் இருக்கிறது. ரோட்டில் போகும் பேரணி அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போகாது. உள்ளே போகக்கூடியவர், அந்த வீட்டுக்காரர்கள் 'வாங்க, உக்காருங்க' என்று கூப்பிடும் ஒருவர்தான். அப்படிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம் வர ஒரே ஆள் ஒரே ஊருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போய்வர வேண்டும். நீ நிதி கேட்க வேண்டியது அந்தப் போக்குவரத்துக்கு.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து எல்மைரா என்ற சிறு நகரிலும் அதைச் சுற்றிய கிராமங்களிலும் 1970-களின் கடைசியில் டேவிட் ஓல்ட்ஸ் என்பவர் ஒரு பரிசோதனை நடத்தினார். முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 400 பெண்கள் அதில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் இளவயதுப் பெண்கள், ஏழைகள், கணவன் துணை இல்லாதவர்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குக் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை ஒரு செவிலியர் தவறாமல் போய்வந்தார். பிரசவத்துக்கு முன் சராசரியாக 9 முறை, பிறகு 23 முறை. உட்கார்ந்து பேசினார், குழந்தை ஏன் அழுகிறது என்று புரியவைத்தார், மறுபடி படிக்கவோ வேலைக்குப் போகவோ வழி சொன்னார். பதினைந்து வருடம் கழித்து அந்தக் குடும்பங்களைத் திரும்பப் பார்த்தார்கள். செவிலியர் போய்வந்த வீடுகளில், குழந்தைக் கொடுமை, புறக்கணிப்பு என்று அரசு உறுதிசெய்த புகார்கள் மற்ற வீடுகளில் இருந்ததில் ஏறக்குறைய பாதியளவே இருந்தன. 1997-இல் வந்த முடிவு இது. அங்கே கொடுக்கப்பட்டது, முகம் தெரிந்த ஒருவர் வீடு தேடி வந்த அந்த இரண்டரை வருடம்.

அதே ஆய்விலிருந்து பின்னால் இன்னொரு செய்தியும் வந்தது. அதை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கணவனோ துணைவனோ அந்தப் பெண்ணை அடிக்கடி அடிக்கும் வீடுகளில், செவிலியர் போய்வந்ததன் பலன் தேய்ந்துபோனது. அடி அதிகமாக அதிகமாகப் பலன் குறைந்தது. நம் ஊருக்கு இதை வைத்துப் பார். புருஷன் குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடிக்கும் வீட்டில் 'பிள்ளையை அடிக்காதே' என்று அந்தப் பெண்ணுக்கு மட்டும் பாடம் நடத்தினால் என்ன பயன்? உன் முன்மொழிவில் குடி பற்றியும் பெண்கள்மீதான அடி பற்றியும் ஒரு வரிகூட இல்லை. அதைச் சேர். போதை மறுவாழ்வு மையத்துக்கு யார் அழைத்துப்போவார்கள், அடிபடும் பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு யார் கூட்டிப்போவார்கள் என்று எழுது. அதுவும் அதே களப்பணியாளர் வேலைதான்.

களப்பணியாளர் என்ன செய்வார் என்பதைப் பொதுவாக எழுதினால் நிதி கொடுப்பவருக்குப் புரியாது. 'குடும்பங்களுக்கு ஆதரவு அளித்தல்' என்று நீ எழுதியிருப்பதைப் படித்தால் யாருக்கும் கண்ணில் எதுவும் தெரியாது. ஒரு வீட்டைக் காட்டு. நம் பக்கத்தில் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய வீடுதான். அம்மா இளவயதுக்காரி. கணவன் ஓசூரில் கூலி வேலை, பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவான். மூத்தவள் நாலாம் வகுப்பு, சின்னவனுக்கு இரண்டரை வயது. பெரியவள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பள்ளிக்கு வருவதில்லை. ஆசிரியர் கேட்டால் வயிற்றுவலி என்கிறாள். களப்பணியாளர் முதல் தடவை போகும்போது திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறார். இரண்டாம் தடவை ஆட்டுக்குட்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். மூன்றாம் தடவைதான் விஷயம் வெளியே வருகிறது. நூறு நாள் வேலைக்கு அம்மா போகும் நாளில் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் நிற்கிறாள். அம்மா களைத்துப்போய் வரும்போது தம்பி அழுதுகொண்டிருந்தால் அக்காவுக்கு அடி விழுகிறது. தம்பியை ஏன் அங்கன்வாடியில் விடவில்லை? அங்கன்வாடி வேறு தெருவில் இருக்கிறது, அந்தத் தெருக்காரர்களோடு திருவிழாத் தகராறு. களப்பணியாளர் அங்கன்வாடி டீச்சரிடம் பேசுகிறார். டீச்சர் ஒருநாள் வீட்டுக்கே வருகிறார். அடுத்த வாரத்திலிருந்து சின்னவன் அங்கன்வாடியில் சோறு சாப்பிட்டுத் தூங்குகிறான், பெரியவள் பள்ளிக்கு வருகிறாள், அம்மாவின் கை ஓங்குவது குறைகிறது.

இதில் பந்தல் செலவு இல்லை, துண்டறிக்கை இல்லை. போன செலவு பெட்ரோலும் பொறுமையும். இந்த ஒரு வீட்டை அரைப் பக்கத்தில் எழுது. யாருடைய வீட்டையும் அடையாளம் காட்டாமல் எழுது. படிப்பவருக்கு நீ எதற்குப் பணம் கேட்கிறாய் என்று ஒரே நிமிடத்தில் விளங்கிவிடும்.

புறக்கணிப்பு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தை பசியோடு இருக்கிறது, அழுக்காக இருக்கிறது, பள்ளிக்கு வரவில்லை என்றால் அதை உடனே 'புறக்கணிப்பு' என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். முக்கால்வாசி இடங்களில் அது வறுமை. தாயின் மனசில் குறை இல்லை, கையில் காசு இல்லை. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆவது பிரிவு குழந்தைக்குக் கொடுமை செய்பவருக்குத் தண்டனை சொல்கிறது. அதே பிரிவுதான், பெற்ற தாய் தகப்பன் தங்கள் சக்திக்கு மீறிய சூழ்நிலையில் குழந்தையைக் கைவிட்டால் அதை வேண்டுமென்று செய்ததாகக் கொள்ளக்கூடாது என்றும் சொல்கிறது. குழந்தையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்பதும் அதே சட்டத்தின் கொள்கை. சட்டத்துக்கு இருக்கும் அந்த இரக்கம் நம் திட்டத்திலும் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் உன் பட்ஜெட்டுக்கு மிகப் பலமான வாதம் கிடைக்கிறது. அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஸ்பான்சர்ஷிப் என்று ஓர் உதவி இருக்கிறது. கணவனை இழந்த அல்லது கணவன் கைவிட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள், உயிருக்கு ஆபத்தான நோயில் கிடக்கும் பெற்றோரின் பிள்ளைகள் போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய். கிராமப்புறத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பணம் அரசிடம் இருக்கிறது. அதை வாங்குவதற்கு வருமானச் சான்று, இறப்புச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தருமபுரி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டு அலைவாள்? களப்பணியாளர் கூடப் போனால் காரியம் நடக்கும். ஒரு பிள்ளைக்கு உதவி கிடைத்தால் வருடத்துக்கு 48,000 ரூபாய் அந்த வீட்டுக்குப் போகிறது. பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தால் 4,80,000 ரூபாய். ஒரு பணியாளரின் ஒரு வருடச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டு முன்மொழிவில் ஒரு கணக்குப் போட்டுக் காட்டு. 'சம்பளம் வீண் செலவு' என்று சொல்பவருக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

இனி, பணம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்போம்.

அரசுப் பணம் மிஷன் வாத்சல்யா வழியாக வருகிறது. 2009-10-இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் என்று தொடங்கியதுதான் இன்று இந்தப் பெயரில் நடக்கிறது. நம் மாநிலத்துக்கு ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கு. அதில் தொண்டு நிறுவனங்களுக்கு வரும் மானியம் முக்கியமாக இல்லங்கள் நடத்துவதற்கானது. கொடுமை நடக்கும் முன் தடுக்கும் வேலைக்கு அதில் பெரிய இடம் இல்லை. ஆகவே அரசிடம் பணம் எதிர்பார்க்காதே, அதிகாரத்தைக் கேள். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு காகிதத்தில் எல்லாப் பஞ்சாயத்திலும் இருக்கிறது. அதைக் கூட்டவும் பயிற்சி தரவும் உன் நிறுவனத்துக்கு மாவட்ட அலகிடமிருந்து எழுத்துப்பூர்வமாக ஒரு கடிதம் வாங்கு. அந்தக் கடிதம் மற்ற நிதியைக் கொண்டுவரும்.

அடுத்து நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, நீங்கள் சொல்லும் சி.எஸ்.ஆர். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்தோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்கிறது. தாங்கள் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. ஓசூர்த் தொழிற்சாலைகள் நமக்குப் பக்கம். அங்கே வேலை செய்பவர்களிலும் அந்தக் கட்டடங்களைக் கட்டுபவர்களிலும் நம் பக்கத்து ஆட்கள் எத்தனை பேர்! 'உங்கள் ஊழியர்களின் பிள்ளைகள் இங்கே பாட்டியோடு இருக்கிறார்கள்' என்று சொல்லித் தொடங்கு. இரண்டு விதிகளை மனப்பாடமாக வைத்துக்கொள். சி.எஸ்.ஆர். விதியில் உள்ள 5 சதவீத நிர்வாகச் செலவு வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். வேலைகளைப் பொதுவாக நிர்வகிக்கும் செலவுக்கானது. திட்டத்தைக் களத்தில் நடத்தும் பணியாளர் சம்பளம் அதில் சேராது. இதைத் தப்பாகப் புரிந்துகொண்ட அதிகாரிகள் நிறைய. பணிவாக எடுத்துச் சொல். இரண்டாவது, தொடங்கிய வருடம் போக மூன்று வருடம் வரை நீளும் தொடர் திட்டத்துக்கு அந்த விதிகளே இடம் தருகின்றன. ஒரு வருடத் திட்டமாகக் கேட்காதே. முதல் வருடம் ஊருக்கு அறிமுகமாகவே போய்விடும்.

வெளிநாட்டு நிதி என்றால் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். 2020-இல் வந்த திருத்தம் மூன்று பெரிய மாற்றங்களைச் செய்தது. நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. பணம் வந்திறங்க டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்க வேண்டும் என்றானது. ஒரு நிறுவனம் தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கவே கூடாது என்றானது. கிராமங்களில் இயங்கிய சின்னச் சின்ன அமைப்புகளை இந்தக் கடைசி மாற்றம்தான் அதிகம் பாதித்தது. பெரிய நிறுவனத்தின் வழியாக வந்துகொண்டிருந்த ஓடை நின்றுபோனது. நிர்வாகச் செலவு எது என்பதில் இங்கேயும் குழப்பம் உண்டு. மருத்துவமனை மருத்துவர் சம்பளம், பள்ளி ஆசிரியர் சம்பளம் போல நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் செலவு நிர்வாகச் செலவு ஆகாது என்று விதியிலேயே உதாரணத்தோடு சொல்லியிருக்கிறது. களப்பணியாளரை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை ஆடிட்டரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்.

கடைசியாக, எல்லாரும் மறந்துவிடும் உள்ளூர்ப் பணம். தொகை சின்னது, மதிப்பு பெரிது. அமெரிக்காவில் கொடுமைத் தடுப்புக்கு நிரந்தர நிதி வேண்டும் என்று ரே ஹெல்ஃபர் என்ற குழந்தை மருத்துவர் சொன்ன யோசனையை ஏற்று, 1980-இல் கேன்சஸ் மாநிலம் முதன்முதலில் குழந்தைகள் அறக்கட்டளை நிதியை உருவாக்கியது. கல்யாண உரிமம் வாங்குபவரிடம் கூடுதலாகக் கொஞ்சம் கட்டணம் வாங்கி அந்த நிதியில் போட்டார்கள். ஒவ்வொரு கல்யாணமும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் காசு தந்தது. மற்ற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. இன்று அங்கே ஒன்றிய அரசு சமூக அளவிலான தடுப்புத் திட்டங்களுக்குத் தரும் மானியத்தில் 70 சதவீதத்தைக் குழந்தைகள் எண்ணிக்கையை வைத்தும், 30 சதவீதத்தை அந்த மாநிலம் தானாகத் திரட்டிய நிதியை வைத்தும் பிரிக்கிறார்கள். உள்ளூரில் கை நீட்டியவருக்கு மேலிருந்தும் கூடுதலாகக் கிடைக்கிறது. நீயும் சுயஉதவிக்குழுக் கூட்டமைப்பிடம் கேள், அரிசி ஆலைக்காரரிடம் கேள், ஊரிலிருந்து போய் நல்ல நிலையில் இருப்பவர்களிடம் கேள். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது கொடு. ரசீது வாங்கியவர் அடுத்த மாதம் 'என்னம்மா, அந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போகுதா?' என்று கேட்பார். அந்தக் கேள்விதான் ஊர்க் காவல்.

ஒரே நிதியை நம்பக்கூடாது என்பதற்கு நம் கண்முன் ஒரு பாடம் இருக்கிறது. 1996-இல் மும்பையில் தொடங்கிய 1098 குழந்தைகள் உதவி எண் நாடு முழுக்கப் பரவியது. அரசுப் பணத்தில், உள்ளூர்த் தொண்டு நிறுவனப் பணியாளர்களை வைத்து நடந்தது. 2023-இல் அரசு அதைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்து 112 அவசர எண்ணோடு இணைத்தது. எண் தொடர்கிறது, குழந்தைகள் இன்றும் அழைக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் அந்த வேலையைச் செய்து தேர்ந்த களப்பணியாளர் பலர் வேலையிழந்தார்கள். நிதியின் திசை ஒரு சுற்றறிக்கையில் மாறும். ஆகவே இரண்டு மூன்று இடங்களிலிருந்து வாங்கு. திட்டத்தின் கடைசி வருடத்தில் என்ன நடக்கும் என்பதை முதல் வருட முன்மொழிவிலேயே எழுது. உன் களப்பணியாளர் அதே ஊர்ப்பக்கப் பெண்ணாக இருக்கட்டும். கிராமக் குழு உறுப்பினர்கள், அங்கன்வாடி டீச்சர், கிராமச் சுகாதாரச் செவிலியர், பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார் ஆகியோருக்கு அந்தப் பெண் தன் வேலையைப் பழக்கிவிட வேண்டும். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஒவ்வொன்றிலும் 'குழந்தைகள் நிலை' என்று ஒரு பொருளைச் சேர்க்க வை. பணம் நின்ற பிறகும் அது நிற்காது.

அறிக்கை எழுதும்போது வரும் ஒரு சிக்கலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தடுப்பு வேலையின் வெற்றி, நடக்காமல் போன ஒன்று. அதை எண்ணிக் காட்ட முடியாது. போதாக்குறைக்கு, வேலை நன்றாக நடந்தால் முதல் இரண்டு வருடம் புகார்கள் கூடும். இதுவரை வாய்மூடியிருந்த பிள்ளை பேசும். 1098-க்கு அழைப்பு போகும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் வழக்கு பதிவாகும். 'நீங்கள் வந்த பிறகு கொடுமை அதிகமாகிவிட்டதே' என்று நிதி கொடுத்தவர் கேட்பார். கேட்கும் முன் முன்மொழிவிலேயே எழுதிவிடு: புகார் கூடுவது நம்பிக்கை கூடியதன் அடையாளம் என்று. அதோடு எண்ணக்கூடிய வேறு சிலவற்றைக் கொடு. பள்ளி வருகைப் பதிவேடு, பத்தாம் வகுப்பிலிருந்து பதினொன்றுக்குப் போகும் பெண்பிள்ளைகள், ஸ்பான்சர்ஷிப் கிடைத்த குடும்பங்கள், நடந்த வீட்டுச் சந்திப்புகள், கூடிய கிராமக் குழுக்கள். 'ஐயாயிரம் பேருக்கு விழிப்புணர்வு அளித்தோம்' என்று மட்டும் எழுதாதே. அந்த எண்ணால் ஒரு பிள்ளையும் பிழைக்காது.

நிதி கொடுப்பவர்கள் போட்டோ கேட்பார்கள், 'கேஸ் ஸ்டடி' கேட்பார்கள். பாதிக்கப்பட்ட குழந்தையின் முகம், பெயர், பள்ளி, ஊர் எதுவும் வெளியே போகக்கூடாது. இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவும் போக்சோ சட்டம் 23-ஆவது பிரிவும் அதைக் குற்றம் என்கின்றன. ஒரு சின்ன ஊரில் 'எட்டாம் வகுப்புப் படிக்கும், தாயில்லாத பெண்' என்று எழுதினாலே யாரென்று தெரிந்துவிடும். முகத்தை மங்கலாக்கினால் போதாது. அந்தக் குழந்தையின் துயரத்தை விற்றுத்தான் பணம் வரும் என்றால் அந்தப் பணம் வேண்டாம் என்று சொல்லிவிடு. வேறு இடத்தில் கேட்போம்.

இதேபோலக் கண்டிப்பான இன்னொன்று. குழந்தைமீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். போக்சோ 19-ஆவது பிரிவு, சொல்லாவிட்டால் 21-ஆவது பிரிவில் தண்டனை. ஊர்ப் பெரியவர்கள் கூடி 'பேசி முடிச்சிக்கலாம்' என்பார்கள். உன் நிறுவனத்தில் மூத்தவர் யாராவது 'ஊரோட பகை வேண்டாம், திட்டம் கெட்டுடும்' என்று சொன்னாலும் நீ அசையாதே. பணியில் சேரும் ஒவ்வொருவரும் முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் சொந்தப் பணியாளர்களைப் பற்றியும் விதிகள் வேண்டும். எந்த ஆளும் எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்கக்கூடாது, சேரும் முன் விசாரிக்க வேண்டும், புகார் வந்தால் யாரிடம் போக வேண்டும் என்று எழுதி ஒட்ட வேண்டும். குழந்தையைக் காக்க வருபவன் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் எல்லாரும் நல்லவர்கள் இல்லை.

கடைசியாக, கணக்கு. நம் துறையில் சில இடங்களில் ஒரு கேவலமான வழக்கம் உண்டு. சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வருவது வேறு தொகை. மிச்சம் 'நிறுவன வளர்ச்சிக்கு' என்பார்கள். நான் அதைக் கண்டிருக்கிறேன், அதைக் கண்டித்து ஒரு வேலையையும் விட்டிருக்கிறேன். உன்னிடம் அப்படிக் கையெழுத்து கேட்டால் போடாதே. உன்கீழ் வேலை செய்பவர்களிடம் கேட்கவும் விடாதே. சம்பளம் முழுதும் வங்கியில் போகட்டும். பயணப்படி தனியாகப் போகட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல் பஸ் இல்லாத ஊருக்கு ஒரு பெண்ணை அனுப்புகிறாய், அந்தப் பெண்ணின் பெட்ரோலுக்கும் காப்பீட்டுக்கும் மாதம் ஒருமுறை மனம் விட்டுப் பேச ஓர் ஆலோசகருக்கும் பட்ஜெட்டில் இடம் வை. நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு வேதனையைக் கேட்பவருக்கு அது ஆடம்பரம் இல்லை. ஏமாற்றப்பட்ட பணியாளரால் எந்தக் குழந்தையையும் காப்பாற்ற முடியாது.

முன்மொழிவைத் திருத்தியதும் எனக்கு அனுப்பும் முன் ஒன்று செய். அதைத் தமிழில் எழுதி எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போ. அங்கன்வாடி டீச்சரையும் செவிலியரையும் பள்ளிக்குப் பிள்ளை அனுப்பும் நாலு அம்மாக்களையும் உட்காரவைத்து வரிவரியாக வாசித்துக் காட்டு. அவர்கள் வேண்டாம் என்பதை எடுத்துவிடு, வேண்டும் என்பதைச் சேர். பிறகு நிதி கேள், தலை நிமிர்ந்து கேள். நீ கேட்பது உனக்கில்லை.

அன்புடன்,
அத்தை